நாற்பத்தொன்பது ஈட்டிப் பலகைகள்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், தூக்கம்தான் மூன்று நாளாகக் கிட்டே வரமாட்டேன் என்கிறது. காரணம் சந்தோஷம். உன் முழங்கை வலி தேவலையா? அத்தான் லாரிக்குப் பிரேக் மாற்றிவிட்டாரா?

நான்கு தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். இதை வாயால் சொல்லியிருந்தால் உளறிக் கொட்டியிருப்பேன். அக்கா, தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டேன்! திட்டாதே, முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

இங்கே பன்னிரண்டு பேர் கொண்ட தாள வாத்தியக் குழு ஒன்று இருக்கிறது. அதன் தலைவிக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் 'புயல்'. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிற பழக்கம் அந்த அம்மாவுக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகாமல் நான் மரப்பலகைகளை வரிசையாகக் கோத்துச் செய்த சின்ன சைலோபோனை யாரோ அவரிடம் காட்டியிருக்கிறார்கள். நேராக வந்தார். இரண்டு குச்சியால் தட்டினார். "இதையே ஏழடி நீளத்துக்குச் செய்வியா?" என்றார். செய்வேன் என்று என் வாய் சொல்லிவிட்டது, என்னைக் கேட்கவே இல்லை.

மொத்தம் நாற்பத்தொன்பது பலகை. அடிச்சுரத்துக்கு முழங்கை நீளத்துக்கும் மேலே, உச்சிச்சுரத்துக்கு உள்ளங்கை நீளம். ஒவ்வொரு பலகைக்கும் கீழே ஒரு குழாய். ஜூன் இருபதாம் தேதி புது அரங்கத்தில் முதல் கச்சேரி. வாத்தியம் நன்றாக அமைந்தால் இன்னும் நான்கு வாத்தியம் செய்கிற வேலையும் எனக்கே. அமையாவிட்டால் பழையபடி மேஜைக்கு இழுப்பறை செய்யப் போக வேண்டியதுதான். "ஜூன் வரைக்கும் உன் இடத்தை வச்சிருப்பேன். அதுக்கப்புறம் என்னைக் கேக்காதே" என்று போர்மேன் சொல்லிவிட்டார். டயர் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை பிடித்திருக்கிறேன். ரப்பர் வாடை தூக்கினாலும் வெளிச்சம் அருமை.

எனக்கு வேண்டியது ஈட்டி மரம், நன்றாகக் காய்ந்தது, தட்டினால் பாடுவது. அதைத் தேர்ந்தெடுக்க உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? பதினெட்டு வருஷமாக அறுவை மில்லில் மரத்தைத் தட்டி, உள்ளே பொள்ளலா கெட்டியா என்று சொல்கிறவள் நீ. உன் காது சரியென்றால் என் காது மறுபேச்சுப் பேசாது. அந்தத் தைரியத்தில்தான் வேலையையே விட்டேன்.

தூக்கம் தொலைத்த,
தம்பி

---

ஜனவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். முழங்கை தேவலை. பிரேக் மாற்றியாகிவிட்டது, இப்போது ஹாரன் போய்விட்டது.

முழுவதும் படித்துவிட்டேன். இப்போது திட்டலாமா? பதினொரு வருஷ வேலையை விடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திட்டு முடிந்தது. அட, ஏழடி வாத்தியமா! கடிதத்தைப் படித்துக்கொண்டே சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது, முதலாளி மூன்று தடவை கூப்பிட்டும் நான் திரும்பவில்லையாம். யோசனையில் இருந்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இனிமேல் போன் அடிக்காதே. இங்கே ரம்பம் போடுகிற கூச்சலில் மனுஷன் குரல் எங்கே கேட்கிறது? கடிதமே எழுது. கடிதத்தில் நீ கொஞ்சம் புத்திசாலியாகவும் தெரிகிறாய்.

இப்போது தொழில் பேச்சு. பலகைக்கு ஈட்டி, சரி. தாங்குகிற சட்டத்துக்கு வேங்கை போடு. கனம் இருக்கும், முறுக்காது. மூட்டுகளை அடித்துப் பொருத்துகிற கொட்டாப்புளி புளியங்கட்டையாக இருக்கட்டும். கசாப்புக் கடைக்காரர் வெட்டுக்கட்டைக்குப் புளிய மரம் கேட்டு வருவது சும்மா இல்லை, எத்தனை கொத்து வாங்கினாலும் பிளக்காது. உளிப்பிடிக்குக் கருவேலம். கவனித்தாயா, நான் சொன்ன அத்தனையும் ஒரே குடும்பம். எல்லாம் அவரைக்காய் மாதிரி நெற்று விடுகிற மரங்கள். சமையலறையில் நார் உரிக்கிற அவரைக்கு மில்லில் இத்தனை பயில்வான் பெரியப்பாக்கள் இருக்கிறார்கள்.

வேங்கையை உங்கள் ஊரிலேயே வாங்கு. ஈட்டியில் இருபது பலகை அடுத்த வாரம் அத்தான் லாரியில் வரும். பார்த்துத்தான் எடுத்திருக்கிறேன்.

திட்டி முடித்த,
அக்கா

---

ஜனவரி 31

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானும் நலமாக வந்து, நலமாக என் சோற்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, நலமாகத் திரும்பினார். நீ எப்படி இருக்கிறாய்?

பலகைகள் வந்த அன்று டயர் கடைக்காரர்கூட வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார். என்ன நிறம் அக்கா! இழைப்புளியை ஒரு தடவை ஓட்டினேன், மேலே இருந்த அழுக்கு போய், கீழே கரும்பழுப்பில் ஊதா ரேகை. கொட்டகை முழுக்க ஒரு இனிப்பு வாசனை. "இதை அறுக்கவா போறே? சட்டம் போட்டு மாட்டுப்பா" என்கிறார் டயர் கடைக்காரர்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. இருபதில் பதினாலு பாடுகிறது. ஆறு பலகையில் மூச்சுப் பேச்சே இல்லை, அட்டைப் பெட்டியைத் தட்டினது மாதிரி இருக்கிறது. பார்வைக்கு அந்த ஆறும்தான் ரொம்ப அழகு. உன் கையிலிருந்து இப்படி வந்ததே கிடையாதே? அத்தான் வழியில் மாற்றி ஏற்றிவிட்டாரோ என்று கேட்டேன், என்னை முறைத்தார்.

சட்டத்துக்கு வேங்கை என்று சொல்லி ஒரு கடைக்காரர் நாலு கட்டை கொடுத்திருக்கிறார். மஞ்சள் பழுப்பாக இருக்கிறது, ஆனால் தூக்கினால் லேசாக வருகிறது. வேங்கைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த முப்பது பலகை எப்போது வரும்? நாலு வரியாவது உடனே எழுது.

பரபரப்பில்,
தம்பி

---

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டது. நீ போட்ட மூன்று கார்டும் வந்தன. மூன்றாவதில் 'உயிரோடு இருக்கிறாயா?' என்று மட்டும் எழுதியிருந்தாய். இருக்கிறேன், முழங்கையும் இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள், ரப்பர் வாடையிலேயே படுத்துக் கிடக்காதே.

அந்த ஆறு பலகையும் என் தப்பு. அத்தானை இழுக்காதே. கண்ணால் பார்த்து எடுத்தேன், கண் ஏமாற்றிவிட்டது. அதற்கு மேல் கேட்காதே.

ஆனால் தம்பி, இப்போது வருகிற முப்பதையும் நீ தட்டிப் பார்! எனக்கு ஒரு புது வழி கிடைத்திருக்கிறது. அது என்ன என்றும் கேட்காதே. கிடங்கில் இருந்த எண்பது பலகையை மூன்று நாள் உட்கார்ந்து சலித்து இந்த முப்பதை எடுத்தேன். முதலாளி பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். இத்தனை வருஷத்தில் மரத்தோடு இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ஒன்று சோடையாக இருந்தாலும் என்னை அக்கா என்று கூப்பிடாதே.

உன் வேங்கைக்கு வைத்தியம் சொல்கிறேன். அதைச் சீவி ஒரு பிடி தூளைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போடு. ஒரு மணி நேரம் கழித்து வெயிலில் தூக்கிப் பிடி. தண்ணீர் பொன்னிறமாக இருக்கும், ஆனால் விளிம்பில் மயில் கழுத்து மாதிரி நீலம் அடிக்கும். அடித்தால் வேங்கை. அடிக்காவிட்டால் டம்ளரோடு கடைக்குப் போ.

ரகசியத்தோடு,
அக்கா

---

மார்ச் 13

என் அக்காவுக்கு,

அக்கா, அக்கா, அக்கா! நூறு தடவை கூப்பிடுவேன். முப்பதும் பாடுகிறது!

ஒன்றைத் தட்டிவிட்டு நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், இன்னும் முனகிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் மிகைதான், ஆனாலும் கொஞ்சம்தான். புயல் வழக்கம்போலத் தட்டாமல் உள்ளே வந்து, வரிசையாகத் தட்டிப் பார்த்துவிட்டு, என் தோளில் ஓர் அடி போட்டார். இன்னும் வலிக்கிறது. "யாருய்யா இதைப் பொறுக்கினது?" என்று கேட்டார். எங்கள் அக்கா என்றேன். "அவங்க காதை இன்ஷூர் பண்ணச் சொல்லு" என்றார்.

டம்ளர் கதையும் கேள். நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, வெறும் கழுநீர். கடைக்காரர் மேஜை மேல் டம்ளரை வைத்தேன். "என்ன தம்பி, எனக்கு டீயா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. உண்மையில் அது தூங்குமூஞ்சிக் கட்டை, சாயம் பூசியது. "அதுவும் அதே குடும்பம்தானே தம்பி" என்று சமாளித்தார் பார்! கடைசியில் நிஜ வேங்கையை எடுத்துக் கொடுத்தார். அதைச் சீவிப் போட்டுப் பார்த்தேன், நீலம் அப்படியே மிதக்கிறது. டயர் கடைக்காரர் அந்தத் தண்ணீரை வாங்கி வாங்கிப் பார்த்து அரை நாள் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டார்.

இப்போது முக்கியமான விஷயம். அடிச்சுரத்துக்கு வருகிற பெரிய பலகைதான் வாத்தியத்தின் நெஞ்சு. அதற்குத் தேவையான தடிமனில் இரண்டே பலகை இருக்கிறது, இரண்டும் உன் முதல் லோடில் வந்தவை. ஒன்றைப் பெரிய பலகைக்கு வைத்துக்கொண்டு மற்றதை ஆறாக அறுத்து மேல் சுரங்களுக்குப் போட வேண்டும். இரண்டையும் தட்டி இந்தக் கேசட்டில் பதிந்திருக்கிறேன். முதலில் வருவது சாக்கட்டியால் ஒன்று என்று நான் எழுதிய பலகை, அடுத்து இரண்டு. எது நெஞ்சுக்கு? என் அபிப்பிராயத்தைச் சொல்ல மாட்டேன், உன்னைக் குழப்பிவிடும். ஓர் எண் மட்டும் எழுது.

துள்ளிக்கொண்டிருக்கும்,
தம்பி

---

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

கேசட் வந்தது. கேட்டேன். மிகவும் இனிமையாக இருந்தது. இரண்டாவது.

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

அக்கா

---

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். போன கடிதத்தில் நாலு வரிக்கு மேல் இல்லை. நீ மளிகைச் சீட்டே இரண்டு பக்கம் எழுதுகிறவள்.

முதலில் நல்ல சேதி. நாற்பத்தெட்டு பலகை தயார்! அடியில் நடுப்பாகத்தை வில் மாதிரி செதுக்கச் செதுக்கச் சுரம் இறங்கிக்கொண்டே வரும். ஒரு சுருள் அதிகமாகச் சீவினால் போச்சு, மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்பத்தெட்டையும் முடித்தேன். புயலின் குழுவில் ஒரு பெண் வந்து வாசித்துப் பார்த்தாள். டயர் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் கையில் டியூபோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

கெட்ட சேதி, அந்த நாற்பத்தொன்பதாவது. நீ சொன்னபடி முதல் பலகையை ஆறாக அறுத்துவிட்டு, இரண்டாவதைப் பெரிய பலகைக்கு எடுத்தேன். செதுக்கிக்கொண்டே வரும்போது உள்ளே ஒளிந்திருந்த வெடிப்பு வாயைத் திறந்தது. அப்புறம் தட்டினால் 'டொப்' என்கிறது. அவ்வளவுதான்.

உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்கு முதல் பலகை நன்றாக இருக்கிற மாதிரிதான் பட்டது, ஆனால் நீ இரண்டாவது என்றதும் என் காதுதான் சரியில்லை என்று முடிவு கட்டினேன். கேசட்டில் சரியாகப் பதிவாகவில்லையோ என்னவோ.

இங்கே எல்லாக் கடையும் ஏறி இறங்கிவிட்டேன். ஈட்டி கிடைக்கிறது, எல்லாம் போன வருஷம் வெட்டிய ஈர மரம், விளக்குச் சூட்டில் வளைந்துவிடும். கச்சேரிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. நெஞ்சு இல்லாத வாத்தியத்தைப் புயல் மேடை ஏற்ற மாட்டார். உங்கள் மில்லில் ஒரே ஒரு தடிப் பலகை, காய்ந்தது, இருக்குமா? தேடிப் பார் அக்கா.

உன் பதிலுக்காகத் தபால்காரரை மிரட்டிக்கொண்டிருக்கும்,
தம்பி

---

ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. உடம்பு எப்படி என்று நிஜமாகக் கேட்டாய், அதனால் நிஜமாகச் சொல்கிறேன். எனக்குக் காது கேட்கவில்லை.

இரண்டு வருஷமாகிறது. முதலில் வலது, பிறகு இடது. பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ கேட்கும், அவ்வளவுதான். போனை எடுக்காததற்கு ரம்பம் காரணம் இல்லை. டாக்டரிடம் போனேன். "காதுக்குள்ள அரிசியை விடச் சின்னதா ஒரு எலும்பு இருக்கும்மா. அது ஆடணும். உங்களுக்கு இறுகிப் போச்சு" என்று பேப்பரில் எழுதிக் காட்டினார். ஆபரேஷன் செய்யலாம் என்றார். பயந்துகொண்டு வந்துவிட்டேன். மில்லில் யாருக்கும் தெரியாது. மரத்தின் ரேகையைப் பார்த்து, தூக்கிப் பார்த்து, பதினெட்டு வருஷப் பழக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். உன் முதல் லோடும் அப்படித்தான் எடுத்தேன். அதில்தான் ஆறு சோடை போயிற்று.

அந்தக் கேசட்டை நான் கேட்கவே இல்லை, தம்பி. எங்கே கேட்பது? டேப் ரெக்கார்டர் பெட்டியைக் கடித்துக்கூடப் பார்த்தேன், மோட்டார் சுற்றுகிற இரைச்சல்தான் வந்தது. அத்தானைக் கேட்கச் சொன்னேன். "ரெண்டுமே டொக்குனுதான் இருக்கு" என்று எழுதிக் காட்டினார். இரண்டாவது என்று குருட்டாம்போக்கில் எழுதினேன். உன் காது சரியாகத்தான் இருந்தது. என் பொய்தான் உன் பலகையை உடைத்தது. நீ என் காதை நம்பி வேலையை விட்டவன், உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்? வெட்கம், அவ்வளவுதான்.

பெட்டியை ஏன் கடித்தேன் என்று நினைப்பாய். அதுதான் நான் ஒளித்துவைத்த ரகசியம். சோகமாகப் படிக்காதே, இதைக் கேள்!

பிப்ரவரியில் ஒரு நாள், வாயில் பென்சிலைக் கடித்துக்கொண்டு, ஒரு பலகைமேல் குனிந்து அளந்துகொண்டிருந்தேன். பென்சில் நுனி பலகையில் இடித்தது. அதே நேரம் பலகையின் மறுமுனையில் யாரோ கொட்டாப்புளியைப் போட்டார்கள். தம்பி, கேட்டது! பல் வழியாக மண்டைக்குள் வந்து பாடியது! இரண்டு வருஷம் கழித்து. பலகைமேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன், கண்ணில் தூசி என்று சொன்னேன். இறுகினது வாசலில் இருக்கிற எலும்புதானாம், உள்ளறை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் பிறகு சொன்னார். எலும்பு வழியாக வருகிற சத்தம் வாசலைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே போய்விடுமாம்.

அதோடு பார், ரம்பத்தின் கூச்சல் எனக்கு இல்லை, லாரி இல்லை, ஆள் பேச்சு இல்லை. மரம் மட்டும்தான். ஒரு கருவேலங்குச்சியைச் சீவி வைத்துக்கொண்டு எண்பது பலகையையும் அப்படித்தான் சலித்தேன். பல் துலக்குகிறேன் என்று மில்லில் நினைத்துக்கொண்டார்கள்.

நேற்று உன் கடிதத்தைப் படித்ததும் கிடங்கு முழுக்கத் தேடினேன். தடிமனில் காய்ந்தது ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்தேன். குச்சியைக் கடித்துக்கொண்டு வாசல் நிலையைத் தட்டினேன், அது வேங்கை. அலமாரி வாகை. கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் குச்சியை வைத்துத் தட்டினேன் பார், கோயில் மணி! ஈட்டி, இருபத்திரண்டு வருஷம் காய்ந்தது, இரண்டு விரல் கனம். அத்தான் உள்ளே வந்து நின்றார். நான் கட்டிலில் வாயை வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, பேப்பரை எடுத்து, 'பசியா?' என்று எழுதினார்.

இன்று காலை கழற்றிவிட்டோம். தரையில் படுப்பது முதுகுக்கு நல்லதாம். பலகையை அனுப்பட்டுமா? இனியும் நான் பொறுக்கியதை வாங்கிக்கொள்வாயா?

அக்கா

மச்சான், கீழே நான் எழுதுகிறேன். கட்டில் போனதில் வருத்தமில்லை. ஆனால் இவள் குச்சியோடு சாப்பாட்டு மேஜையைப் பார்க்கிற பார்வை சரியில்லை. சீக்கிரம் பதில் போடு. - அத்தான்

---

மே 3

என் அக்காவுக்கு,

ஒரு மணி நேரம் கோபமாக இருந்தேன். பலகைக்காக இல்லை. இரண்டு வருஷம் என்னிடம் சொல்லாமல் இருந்தாயே, அதற்கு. நான் போனில் கத்திக் கத்தி 'அக்கா திமிர் பிடிச்சவ, எடுக்க மாட்டேங்கறா' என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபம் முடிந்தது.

அப்புறம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, பென்சிலைக் கடித்து, வாத்தியத்தின் வேங்கைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்துத் தட்டிப் பார்த்தேன். ஐயோ அக்கா! இத்தனை நாள் நான் செய்ததை வெளித் திண்ணையில் நின்று கேட்டிருக்கிறேன், அன்றுதான் உள்ளே போனேன். அந்த நேரம் பார்த்துப் புயல் நுழைந்தார். நான் வாத்தியத்தைக் கடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு முதல் தடவையாக வாசலிலேயே நின்றுவிட்டார். விளக்கினேன். பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு அவரும் குனிந்தார். வெகு நேரம் நிமிரவே இல்லை. "முப்பது வருஷமா வாசிக்கிறேன். இன்னிக்குத்தான்யா கேக்கறேன்" என்றார்.

வாங்கிக்கொள்வாயா என்று என்ன கேள்வி? பலகையை அனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா. அத்தான் லாரியில் முன்சீட்டில் பலகை, அதற்குப் பக்கத்தில் நீ. நீ கேட்காமல் அதை நான் செதுக்கப் போவதில்லை. திரும்பிப் போனதும் அந்த டாக்டரிடம் தேதி வாங்கு. பயமாக இருந்தால் என்னைத் திட்டிக்கொண்டே போ, அது உனக்குப் பழக்கம்தானே.

பஞ்சை எடுக்க மறந்து அரை நாள் திரிந்த,
தம்பி

---

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். அத்தான் நலம், நான் நலம், முதுகும் நலம். டாக்டர் ஆபரேஷனுக்குப் பத்தொன்பதாம் தேதி கொடுத்திருக்கிறார். அதை விட்டால் இன்னும் நாலு மாதம் ஆகுமாம், எனவே கச்சேரிக்கு வர முடியாது. முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், இன்னொரு குச்சி சீவித் தரச் சொல்லிக் கடித்துப் பார்க்கிறார்.

உன் கொட்டகையில் இருந்த இரண்டு நாளை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். நீ ஒரு சுருள் சீவ, நான் கடித்துக் கேட்டுக் கையால் 'இன்னும், இன்னும், நிறுத்து' என்று காட்ட, அந்தக் கட்டில் பலகை வந்து உட்கார்ந்ததே! சட்டத்தில் பல்லை வைத்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்திருக்க, புயல் கீழிருந்து மேலே நாற்பத்தொன்பதையும் ஓட்டினார். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நீங்கள் எல்லோரும் குதித்தீர்கள், டயர் கடைக்காரர் ஹாரனே அடித்தாராம்.

ஆனால் அங்கே ஒன்றை விழுங்கிவிட்டு வந்தேன். லாரியில் ஏழு மணி நேரமும் அது தொண்டையிலேயே நின்றது. கீழிருந்து எண்ணினால் இருபத்துமூன்றாவது பலகை. முதல் லோடில் பாடிய பதினாலில் ஒன்று. சத்தம் அடங்கும்போது கடைசியில் ஒரு பொடி 'கிர்' வருகிறது. கயிறு கோக்கிற வலது பக்க ஓட்டைக்கு அருகில் மயிரிழை வெடிப்பு இருக்கிறது. அரங்கத்து விளக்குச் சூட்டில் அது திறக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் குதித்துக்கொண்டிருந்தபோது சொல்ல வாய் வரவில்லை. ஏற்கெனவே 'இரண்டாவது' என்று சொல்லி ஒரு பலகையைக் கொன்றவள், இன்னொன்றை எந்த முகத்தோடு கைகாட்டுவேன்?

இனிமேல் விழுங்கக் கூடாது என்று முடிவு செய்து எழுதுகிறேன். உனக்கு அது கேட்காது. புயலுக்கும் கேட்காது. கண்ணுக்கும் தெரியாது. என் பல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கட்டில் பலகையில் மிச்சம் இருக்கிற துண்டில் ஒரு பலகை தேறும். மாற்றுவதும் விடுவதும் உன் இஷ்டம். மாற்றாவிட்டால் வருத்தப்பட மாட்டேன். பொய், வருத்தப்படுவேன்.

அக்கா

---

ஜூன் 21

என் அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அத்தான் போனில் தந்தி மாதிரி மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டார். கட்டுப் பிரிக்கும் வரை தலையை ஆட்டாதே, கனம் தூக்காதே, யாரையும் திட்டாதே. படுத்துக்கொண்டே இதைப் படி.

உன் கடிதம் பதினேழாம் தேதி வந்தது. இருபத்துமூன்றாவதைத் தட்டினேன், சுத்தமாக இருந்தது. பென்சிலைக் கடித்துக்கொண்டு தட்டினேன், அப்போதும் சுத்தம். புயல் இருபது தடவை தட்டினார். "எனக்கு ஒண்ணும் கேக்கலை. நல்லா இருக்கிறதைக் கழட்டுவியா? மூணு நாள்தான் இருக்கு, பைத்தியமா உனக்கு?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பலகையை அவிழ்த்தால் கயிறு முழுவதையும் உருவ வேண்டும், புதுசைச் செதுக்கி, ஓட்டை போட்டு, சுரம் சேர்க்க வேண்டும். ஒரு சுருள் தப்பினால் கச்சேரி இல்லை.

கழற்றினேன். கட்டில் துண்டை எடுத்து இரண்டு நாள் உட்கார்ந்தேன். பத்தொன்பதாம் தேதி மத்தியானம் சுரம் வந்து சேர்ந்தது, நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரம்.

நேற்று அரங்கம் நிறைந்து வழிந்தது. விளக்குச் சூட்டில் முன்வரிசை ஆட்களே வேர்த்துக் கொட்டினார்கள். புயல் உன் தலைமாட்டுப் பலகையில் ஓங்கி ஓர் அடி வைத்தார், உட்கார்ந்திருந்த நாற்காலி வழியாக எனக்கு முதுகில் ஏறியது. ஒன்றரை மணி நேரம். ஒரு பலகை பிசகவில்லை. முடிந்ததும் ஜனம் எழுந்து நின்றது அக்கா! போர்மேன்கூட வந்திருந்தார், "உன் இடத்துக்கு வேற ஆள் போட்டுக்கறேன்பா" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். நாலு வாத்தியமும் நமக்கே. அத்தனைக்கும் பலகை நீதான் பொறுக்க வேண்டும், காதாலோ பல்லாலோ அது உன் பாடு.

பழைய இருபத்துமூன்றாவது பலகையை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். வலது ஓட்டைக்கிட்டே அறுத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று புயல் ரம்பத்தையே எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அறுக்கவில்லை. உனக்குப் பார்க்க வேண்டும் என்றால் அறுத்துப் பார்த்துக்கொள். எனக்குப் பார்க்க வேண்டியதில்லை.

உன் தம்பி